மஞ்சள் கரிசலாங்கண்ணி: இனங்காணும் முறை

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்பது சூரியகாந்திக் குடும்பமான ஆஸ்டரேசியேயைச் சேர்ந்த, தரையில் படர்ந்து வளரும் பல்லாண்டுச் செடியாகும். இதன் தாவரவியல் பெயர் ஸ்பேக்னெட்டிகோலா கேலெண்டுலேசியா. பொற்றலைக் கையாந்தகரை, பொற்றலைக் கரிசாலை என்பன மருத்துவ நூல்களில் காணப்படும் பிற பெயர்கள். கீரையாகவும் மருந்தாகவும் பயன்படுவதால் இதனைச் சரியாக இனங்காண்பது அவசியம். இன்று நாற்றுப்பண்ணைகளிலும் வீட்டுத் தொட்டிகளிலும் இதே பெயரில் வளர்க்கப்படுவது பல இடங்களில் வேறொரு செடியாக உள்ளது.

பொதுவான குழப்பம்

காவிரியின் கடைமடையான காரைக்கால், கோவில்பத்து வட்டாரத்தில் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானாக முளைத்து நிற்பது பெரும்பாலும் வெள்ளைக் கரிசலாங்கண்ணி. கண்மைக்கும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் இதன் சாற்றையே எடுப்பர். இதன் பெயர் எக்லிப்டா புரோஸ்ட்ரேட்டா. வெள்ளையும் மஞ்சளும் ஒரே செடியின் இரு வகைகள், பூவின் நிறம் மட்டுமே வேறு என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. இரண்டும் வேறு வேறு பேரினங்கள். தமிழ்ப் பெயர் ஒன்றாக இருப்பது பயனை வைத்தே தவிர, உறவை வைத்து அல்ல.

மூன்றாவது செடி ஒன்று உண்டு. சிங்கப்பூர் டெய்சி என்று அழைக்கப்படும் ஸ்பேக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. பெயரில் சிங்கப்பூர் இருந்தாலும் இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, சாலை நடுத்திட்டுகளிலும் பூங்காக்களிலும் தரை மூடும் செடியாக நடப்படுகிறது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் வல்லுநர்கள் வெளியிட்ட, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. ஒரு துண்டுத் தண்டு ஈர மண்ணில் விழுந்தாலே வேர்விட்டுப் பரவும். பளபளப்பான இலை, ஆண்டு முழுவதும் மஞ்சள் பூ என்று பார்க்க அழகாக இருப்பதால், "மஞ்சள் கரிசாலை" என்று கேட்பவருக்கு இதையே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

அடையாளங்கள்

முதலில் பார்க்க வேண்டியது இலை. மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு குறுகியது. காம்பு இல்லை என்றே சொல்லலாம். விளிம்பு முழுமையாகவோ, இடைவெளிவிட்டு ஓரிரண்டு சிறு பற்களுடனோ இருக்கும். இரு பக்கமும் படிந்த குறுமயிர் இருப்பதால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். சிங்கப்பூர் டெய்சியின் இலை அகலமானது, தடித்தது, மினுமினுப்பானது. அடிப்பகுதி ஆப்பு வடிவில் குறுகி, நடுப்பகுதியில் இரு பக்கமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி, மும்மடலாகத் தெரியும். டிரைலோபேட்டா என்ற சொல்லின் பொருளும் மும்மடல் என்பதே. ஆனால் எல்லா இலையிலும் மடல் இருக்காது. இளந்தளிரில் ஓர் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாற நேரிடும். ஒரே கொடியில் பத்து இலைகளையாவது பார்க்க வேண்டும்.

பூவை வைத்து இவ்விரண்டையும் பிரிப்பது கடினம். இக்குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த தலைமஞ்சரி. வெளிச்சுற்றில் இதழ் போல் நீண்டிருப்பவை கதிர்ப் பூக்கள், நடுவில் நெருங்கியிருப்பவை வட்டுப் பூக்கள். இரு செடிகளிலும் நீண்ட காம்பின் நுனியில் இரண்டு, மூன்று செ.மீ. அகலத்தில் ஒற்றை மஞ்சள் தலை நிற்கும். வெள்ளைக் கரிசலாங்கண்ணியில் தலை ஒரு செ.மீ. அளவுகூட வராது. கதிர்ப் பூக்கள் மெல்லிய வெண்ணிழைகள் போல இருக்கும். அதன் தண்டைக் கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுக்கும்.

பெயரின் வரலாறு

லின்னேயஸ் 1753இல் இச்செடிக்கு வெர்பெசினா கேலெண்டுலேசியா என்று பெயரிட்டார். அவருடைய மாணவர் பெர் ஆஸ்பெக், சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் சமய குருவாகச் சீனா சென்றவர். அவர் 1757இல் வெளியிட்ட பயணநூலில் இதே செடியைச் சாலிடாகோ சைனென்சிஸ் என்று குறித்தார். சாலிடாகோ என்பது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மிகுந்துள்ள கோல்டன்ராட் செடியின் பேரினம். நம் ஊர்க் கீரை கொஞ்ச காலம் கோல்டன்ராட் என்ற பெயரில் இருந்தது என்பது வேடிக்கைதான். கோல்டன்ராடில் இலைகள் மாற்றடுக்கில் அமையும், இதிலோ எதிரெதிராக. அங்கு சிறுசிறு தலைகள் கொத்துக் கொத்தாகக் கிளை நிறைய இருக்கும், இங்கு காம்புக்கு ஒன்று. கோல்டன்ராட் விதையில் காற்றில் பறக்க மயிர்க்குஞ்சம் உண்டு. இதில் சிறு கிண்ணம் போன்ற விளிம்பு மட்டுமே.

பின்னர் இது வெடேலியா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே கேலெண்டுலேசியா என்ற பெயர் முன்பே வேறொரு செடிக்கு வழங்கப்பட்டிருந்ததால், ஆஸ்பெக்கின் சொல்லைக் கொண்டு 1917இல் எல்மர் மெரில் வெடேலியா சைனென்சிஸ் என்று ஆக்கினார். 1996இல் புருஸ்கி இதனை ஸ்பேக்னெட்டிகோலாவில் சேர்த்தபோது லின்னேயஸ் வைத்த பழைய பெயர் திரும்ப வந்தது. சித்த மருத்துவ நூல்களில் மூன்று விதமான பெயர்கள் காணப்படுவதற்குக் காரணம் இதுவே. செடி ஒன்றுதான்.

சிற்றினமா, துணைச் சிற்றினமா

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஐயம் இது. ஒரே சிற்றினம் வெவ்வேறு நிலப்பகுதிகளில் நிலையான சிறு வேறுபாடுகளுடன் வாழும்போது அவற்றைத் துணைச் சிற்றினங்கள் என்பர். ஐரோப்பியக் கோல்டன்ராடான சாலிடாகோ விர்காரியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மலை வடிவம் குட்டையாகவும், தலைகள் சற்றுப் பெரியனவாகவும் இருப்பதால் துணைச் சிற்றினமாகப் பிரிக்கப்படுகிறது. சிங்கப்பூர் டெய்சி அவ்வாறு மஞ்சள் கரிசலாங்கண்ணியின் துணைச் சிற்றினம் அல்ல, அதே பேரினத்தின் தனிச் சிற்றினம். ஒன்று ஆசியாவிலும் மற்றொன்று அமெரிக்காவிலும் தனித்தனியே உருவானவை. தெற்குச் சீனாவின் குவாங்தோங் பகுதியில் இவ்விரண்டும் சேர்ந்து வளரும் இடங்களில் கலப்புச் செடிகள் பதிவாகியுள்ளன. அத்தகைய இடங்களில் மடல் சற்றே காட்டும் இடைப்பட்ட இலைகளைக் கண்டால் வியப்பதற்கில்லை.

மருத்துவப் பயன்பாடும் எச்சரிக்கையும்

வள்ளலார் உணவில் சேர்க்கச் சொன்ன கீரைகளுள் கரிசலாங்கண்ணி முக்கியமானது. பாசிப்பருப்புடன் கூட்டாகவோ கடைசலாகவோ சமைப்பர். கல்லீரலுக்கும் காமாலைக்கும் சித்த மருத்துவத்தில் வழங்குவர். சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து பெற்ற சேர்மத்தின் அமைப்பை 1956இல் வெளியிட்டனர். அதற்கு வெடேலோலாக்டோன் என்று பெயர். வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அது உள்ளது.

இக்குணங்களைச் சிங்கப்பூர் டெய்சிக்கு ஏற்றிச் சொல்வதற்கு நம் மருத்துவ மரபில் ஆதாரம் இல்லை. ஆஸ்திரேலியாவில் வெடேலியா ஆஸ்பெரிமா என்ற நெருங்கிய செடியைத் தின்ற ஆடுகள் இறந்துள்ளன. உருவம் ஒத்திருக்கிறது என்பதற்காக இக்கூட்டத்துச் செடி எதையும் அரைத்துக் குடிக்கக் கூடாது. காமாலை என்பது பல நோய்களின் அறிகுறியாகையால், கண் மஞ்சளானவுடன் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கீரை அதற்குப் பிறகுதான்.

வளர்க்க விரும்புவோர் நாற்று வாங்கும்போது பூ இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, முதிர்ந்த கொடியின் இலைகளைக் காட்டச் சொல்ல வேண்டும். தவறான செடி என்று தெரிந்தால் பிடுங்கி வாய்க்காலில் போட்டுவிடக் கூடாது. தண்ணீரோடு போய் அடுத்த வயலில் வேர்விடும். வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.