உமிச் சாம்பலும் சிமெண்டும்: வீடு கட்டுவோர் கவனத்திற்கு



வீடு பழுதுபார்க்க நம் அறக்கட்டளையில் உதவி பெற்ற ஒரு குடும்பத்தார் சென்ற மாதம் அலுவலகம் வந்திருந்தார்கள். "அரிசி ஆலையில் உமிச் சாம்பல் சும்மாவே கிடைக்கிறது. நாலு மூட்டை சிமெண்டுக்கு ஒரு மூட்டை கலந்தால் செலவு குறையும் என்கிறார் கொத்தனார், கலக்கலாமா?" என்று கேட்டார்கள். கூரைக் கான்கிரீட் போட இரண்டு நாள்தான் இருந்தது. வேண்டாம் என்றோம். காரணம் எல்லோருக்கும் தெரியட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

கொத்தனார் சொன்னது வெறும் பேச்சல்ல. நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. அதை எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு வெளிப்படும். அதனால் கான்கிரீட்டுக்குப் பெரிய வலு இல்லை. சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து, சிமெண்டுக்கு வலுத் தருகிற பசையாகவே அதை மாற்றிவிடுகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியர் பி.கே. மேத்தா 1970களிலேயே இதை ஆராய்ந்தார். நம் நாட்டின் கான்கிரீட் விதிமுறையான ஐ.எஸ். 456 (2000) இதை அனுமதிக்கவும் செய்கிறது. தரம் சீராக இருக்க வேண்டும், உரியவரின் ஒப்புதலும் வேண்டும் என்ற நிபந்தனையோடு.

சிக்கல் எல்லாம் எரிக்கும் விதத்தில்தான். சுமார் 700 டிகிரிக்கு மேல் போகாமல் எரித்து, நைஸாக அரைத்த சாம்பல்தான் வேலை செய்யும். சூடு மிஞ்சினால் சிலிக்கா படிகமாகி, மணலைப் போல் சும்மா கிடக்கும். அரைகுறையாக எரிந்தால் கரி தங்கிவிடும் (முன்பு நம் வீடுகளில் பல் துலக்கிய உமிக்கரி நினைவிருக்கும்). கரி தண்ணீரைக் குடிக்கும், கொத்தனார் இன்னும் தண்ணீர் ஊற்றுவார், கான்கிரீட் வலுவிழக்கும். ஆலைக்காரர் உமியை எரிப்பது பாய்லருக்காக. சாம்பலின் பக்குவத்தை அவர் ஏன் பார்க்கப்போகிறார்? நிறத்தை மட்டும் வைத்து நாமும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. கடையில் வாங்கும் பி.பி.சி. சிமெண்டில் பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. மூட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். அதன்மேல் மேலும் சாம்பல் கொட்டினால், சேர்வதற்குச் சுண்ணாம்பு போதாது.

ஆகவே தூண், பீம், கூரைக்கு ஆலைச் சாம்பலை அப்படியே கலக்காதீர்கள். கலந்துதான் ஆக வேண்டுமென்றால், பொறியாளரிடம் அளவு கேட்டு, கட்டைகள் வார்த்து, 28 நாள் கழித்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். சாம்பலைச் சலிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், முகக்கவசம் இல்லாமல் செய்யவிடாதீர்கள்.

எஸ்டிமேட்டில் எங்கே செலவைக் குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்ல, நம் உறுப்பினரான பொறியாளர் ஒருவர் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் அலுவலகத்தில் இருப்பார். கட்டணம் இல்லை.