செய்தியைப் பிரித்தலும் சேர்த்தலும்: காப்பிக்கடை மாதிரிச் செயலி

பல மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி இணைந்து இயங்கும் முறைகளைக் கிரெகர் ஹோப்பே, பாபி வுல்ஃப் ஆகிய இருவரும் 65 அமைப்புமுறைகளாக வகுத்து 2003ஆம் ஆண்டில் நூலாக்கினர். அடுத்த ஆண்டில் ஹோப்பே, ஜப்பானில் தாம் கண்ட காப்பிக்கடையை முன்வைத்துச் சிறு கட்டுரையொன்றை எழுதினார். ஸ்பிரிங் இன்டகிரேஷன் என்னும் ஜாவா மென்பொருளின் மாதிரிச் செயலி ஒன்று அக்கட்டுரையை ஒட்டி எழுந்ததாகும். அதனையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

வாடிக்கையாளர் கேட்கும் பானங்கள் அனைத்தும் முதலில் ஒரே செய்தியாக வருகின்றன. பிரிப்பி அதனைப் பானத்திற்கு ஒன்றாகத் தனிச்செய்திகளாக்குகிறது. திசைவி குளிர்பானத்தை ஒரு தடத்திலும் சூடான பானத்தை மற்றொரு தடத்திலும் செலுத்துகிறது. இவ்விரண்டும் எளியவை. சிக்கல் இதன் பின்னரே தோன்றுகிறது.

மாதிரியில் குளிர்பானம் ஆயத்தமாக 1 வினாடியும் சூடான பானத்திற்கு 5 வினாடியும் ஆகின்றன. எனவே, பின்னர் வந்தவரின் குளிர்பானம் முன்னர் வந்தவரின் காப்பியை முந்திவிடுகிறது. எந்தக் கோப்பை எந்தத் தட்டிற்கு உரியது? ஒவ்வொரு செய்தியும் தன் ஆணை எண்ணைச் சுமந்து செல்வதாலேயே இதற்கு விடை கிடைக்கிறது. நம் உணவங்காடிகளில் தரப்படும் வரிசை எண்ணும் இப்பணியையே செய்கிறது. ஆயின், எண் மட்டும் போதாது. மொத்தம் எத்தனை பானங்கள் என்பதும் தெரிந்தாக வேண்டும். இல்லையேல் தட்டு நிறைந்ததா என்பதை அறிய வழியில்லை.

மாதிரியில் எப்பானமும் தவறுவதில்லை. நடைமுறையில் ஒன்று வராமற்போனால் ஏனையவை காத்துக்கிடக்கும். காப்பிக்கடை இத்தகைய நிலையில் பானத்தைக் கொட்டிவிடும், மீண்டும் தயாரிக்கும், அல்லது பணத்தைத் திருப்பித் தரும் என்கிறார் ஹோப்பே. இவற்றுள் எதனைத் தேர்வது என்பதைக் கணினி முடிவு செய்ய இயலாது. வடிவமைப்பாளரே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும்.

கலைச்சொல் ஆக்கத்திலும் இவ்வேறுபாடு நம் கவனத்திற்குரியது. பகுதிகளை ஒன்றாக்கும் இவ்வுறுப்பைத் 'திரட்டி' எனலாமா? வலைப்பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் தளங்களுக்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது. அத்திரட்டி ஓயாமல் திரட்டிக்கொண்டே இருப்பது. இதுவோ எப்போது நிறுத்துவது என்பதை அறிந்திருக்க வேண்டியது. 'தொகுப்பி' என்பதையும் சிலர் நிரல்மொழியை மாற்றும் மென்பொருளுக்கு ஆள்கின்றனர். ஆதலின், 'ஒருங்குசேர்ப்பி' என்பதே பொருந்தும் என நாம் கருதுகிறோம்.