அதே படம்

கலிஃபோர்னியாவில் ஃபால்ப்ரூக் என்று ஒரு சிற்றூர். 1980களில் டாம் மெட்ஸ்கர் என்பவர் அங்கே டி.வி. பழுதுபார்த்துப் பிழைத்துவந்தார். அது பிழைப்புக்கு. மனசெல்லாம் வெள்ளை இனவெறி இயக்கத்தில். கு கிளக்ஸ் கிளானின் கலிஃபோர்னியக் கிளைக்குத் தலைவராக இருந்து வெளியே வந்தவர், 1983-ல் ‘வெள்ளை ஆரிய எதிர்ப்பு’ என்ற பெயரில் தனி அமைப்பு தொடங்கினார். ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைக் கூட்டினால் ‘வார்’, போர் என்று வரும். அந்தப் பெயரிலேயே ஒரு பத்திரிகையும் நடத்தினார்.

அதில் கட்டுரைகளைவிட கார்ட்டூன்கள்தான் ஆளை இழுத்தன. வரைந்தவர் ‘ஏ. வையட் மேன்’ என்று கையெழுத்திடுவார். வேகமாகச் சொன்னால் ‘ஒரு வெள்ளைக்காரன்’ என்று ஆங்கிலக் காதில் விழும் புனைபெயர். அவர் வரைந்த ஒரு படத்தில் கூன் முதுகும் வளைந்த மூக்குமாக ஒரு யூதர் பேராசையோடு கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் அதே அளவுக்கு அசிங்கப்படுத்தப்பட்ட ஒரு கறுப்பினத்தவர். இரண்டு பேரையும் எலியோடும் கரப்பான்பூச்சியோடும் ஒப்பிட்டிருந்தது அந்தப் படம். அந்த மூக்கும் அந்தக் கையும் அவருடைய கற்பனை அல்ல. 1923-ல் நியூரம்பெர்க்கில் யூலியஸ் ஸ்ட்ரைக்கர் தொடங்கிய ‘டெர் ஷ்டூர்மர்’ வார ஏட்டில் இதே யூதரை வாராவாரம் வரைந்தார்கள். தெருமுனைகளில் கண்ணாடிப்பெட்டி வைத்து, காசு கொடுத்து வாங்காதவரும் பார்க்கும்படி செய்தார்கள். போர் முடிந்தபின் 1946-ல் ஸ்ட்ரைக்கர் தூக்கிலிடப்பட்டார். படம் மட்டும் சாகவில்லை.

அமெரிக்காவில் அந்தப் படத்துக்குத் தெருமுனை கிடைக்கவில்லை. இந்த ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் பிறகு நடந்தது புரியும். மெட்ஸ்கரின் பத்திரிகை வேண்டுமென்றால் தபால்பெட்டி எண்ணுக்குப் பணம் அனுப்பவேண்டும். பெயரும் முகவரியும் கொடுக்கவேண்டும். உறை வந்து சேர்ந்தால் வீட்டில் மற்றவர் கண்ணில் படாமல் எடுத்து வைக்கவேண்டும். அவருடைய தொலைபேசி எண்ணைச் சுழற்றினால் பதிவுசெய்த பேச்சு ஒலிக்கும். அந்த எண்ணை யாரிடமாவது கேட்டு வாங்கியிருக்கவேண்டும். 1984-ல் லூயிஸ் பீம் என்ற இன்னொரு கிளான்காரர் கணினிகளைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து அறிக்கைப்பலகை ஒன்றைத் தொடங்கினார். 1995-ல் டான் பிளாக் ‘ஸ்டோர்ம்ஃபிரன்ட்’ என்ற இணையதளத்தைத் திறந்தார். கரீபியத் தீவான டொமினிக்காவைக் கூலிப்படை வைத்துப் பிடிக்கத் திட்டமிட்டுச் சிறைக்குப் போனவர், உள்ளே கற்ற கணினிப் பாடத்தை வெளியே வந்து இப்படிப் பயன்படுத்தினார். கருவி மாறிக்கொண்டே வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு வாசல் இருந்தது. இன்ன வீட்டுக்குள் நுழைகிறோம் என்று நுழைகிறவனுக்குத் தெரியும். படத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்பே அவன் பாதி நம்பியிருப்பான்.

ஆள் சேர்ப்பதும் அப்படித்தான் நடந்தது. ஓர் ஆள் கிளம்பிப் போகவேண்டும். மெட்ஸ்கரின் அமைப்பு ஓர் இளைஞனை ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகருக்கு அனுப்பியது. அங்கிருந்த மொட்டைத்தலை இளைஞர் கூட்டத்தைச் சந்தித்துப் பேசி, பத்திரிகை கொடுத்து, அடிதடிக்குப் பழக்குவது அவன் வேலை. 1988 நவம்பரில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் முலுகெத்தா ஸெரா என்ற எத்தியோப்பிய மாணவரை நடுத்தெருவில் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். அவருக்கு வயது 28. அடித்தவர்கள் சிறைக்குப் போனதோடு விஷயம் முடியவில்லை. மாரிஸ் டீஸ் என்ற வழக்கறிஞர், அடித்த கையிலிருந்து அனுப்பிய ஆள் வரைக்கும், அந்த ஆளிடமிருந்து ஃபால்ப்ரூக் வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். அனுப்பப்பட்ட அதே இளைஞன் மனம் மாறி வந்து சாட்சி சொன்னான். 1990-ல் மெட்ஸ்கரும் மற்றவர்களும் 1.25 கோடி டாலர் தரவேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்தது. மெட்ஸ்கரின் வீடும் போயிற்று.

அவரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் செய்தது கொடுமை. அந்தக் கொடுமைக்கு ஒரு முகவரி இருந்தது என்பதைத்தான் சொல்லவருகிறேன்.

இப்போது ஒரு தவளை. 2005-ல் மேட் ஃபியூரி என்ற ஓவியர் சில இளைஞர்களைப் பற்றிய படக்கதை ஒன்றை வரையத் தொடங்கினார். வேலைவெட்டி இல்லாமல் ஒரே அறையில் கிடந்து பீட்சா தின்னும் நான்கு நண்பர்கள். அதில் ஒருவன் பெப்பே என்ற தவளை. ஒரு காட்சியில் அவன் கால்சட்டையை முழுக்க இறக்கிவிட்டுச் சிறுநீர் கழிப்பான். ஏன் இப்படி என்று கேட்டால், சுகமாக இருக்கிறது என்பான். அவ்வளவுதான் கதை. 2008 வாக்கில் அந்த முகம் ‘ஃபோர்சான்’ என்ற தளத்துக்குப் போனது. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. எழுதியவையும் சில மணிநேரத்தில் மறைந்துவிடும். அழுகிற தவளை, கோபப்படும் தவளை, இளிக்கும் தவளை என்று ஆளாளுக்கு மாற்றி வரைந்தார்கள். நம் ஊரில் வடிவேலு முகம் எல்லா மனநிலைக்கும் பொருந்திப்போவது போல. 2014-ல் கேட்டி பெர்ரி போன்ற பாடகிகள்கூட அந்தத் தவளையைப் பகிர்ந்தார்கள்.

ஃபோர்சானில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எல்லோரும் வைத்திருக்கும் படத்தில் தனிக் கூட்டத்துக்கு என்ன அடையாளம் இருக்கும்? தவளையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள, பொதுமக்கள் தொடக் கூசும்படி ஆக்கினார்கள். நாஜிச் சீருடை போட்டுவிட்டார்கள். வதைமுகாம் வாசலில் நிறுத்தினார்கள். முதலில் அது பெரும்பாலும் வீம்புதான். ஆனால் அந்த வீம்பைத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்தக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். 2016 அமெரிக்க அதிபர் தேர்தல் காலத்தில் பெப்பே வெள்ளை இனவெறியரின் சின்னமாகவே ஆகிவிட்டான். அந்த ஆண்டு செப்டம்பர் 27-ல் யூதர்களுக்கு எதிரான அவதூறுகளைக் கண்காணிக்கும் ஏ.டி.எல். அமைப்பு தன் வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் அவனைச் சேர்த்தது. பெப்பேயைப் பகிர்பவர்களில் பெரும்பாலோர் வெறுப்போடு பகிரவில்லை என்பதையும் அதே குறிப்பில் சொல்லவேண்டியிருந்தது.

மெட்ஸ்கர் காலத்துக் கார்ட்டூனுக்கு எதிர்த்திசையில் ஒரு பயணம் கிடைத்தது. 2000களின் தொடக்கத்தில் அது இணையத்துக்கு வந்தது. யாரோ அதைப் பாதியாக வெட்டினார்கள். கறுப்பினத்தவர் போனார், எலியும் கரப்பானும் போயின, கைதேய்க்கும் யூதர் மட்டும் மிஞ்சினார். பொருளை இழந்த படம் எதற்கும் ஒட்டத் தயாரானது. வங்கிச் செய்தியா, ஒட்டு. சினிமாவா, ஒட்டு. ஒருநாள் தவளை முகத்திலேயே அந்த மூக்கை ஒட்டினார்கள். சூதில்லாமல் பிறந்த படமும் விஷத்திலேயே பிறந்த படமும் ஒரே முகமாகின. அதைப் பார்த்துச் சிரித்த 15 வயதுப் பையன் ‘வார்’ பத்திரிகையைத் தொட்டிருக்கமாட்டான். ஷ்டூர்மர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டான்.

எனக்கு இந்த இடம்தான் மிகவும் உறுத்துகிறது. அன்று நம்பியவன் சிரித்தான். இன்று சிரிப்பவனை நம்பவைக்கிறார்கள். மீமின் வேலை வாதம் செய்வது அல்ல. சிரித்தவனுக்கு ‘நீ எங்கள் ஆள், உனக்குப் புரிகிறது’ என்ற கிறக்கத்தைக் கொடுப்பதுதான் அதன் வேலை. யாராவது கண்டித்தால் பதில் தயாராக இருக்கிறது: சும்மா ஜோக்குப்பா, இதுகூடப் புரியவில்லையா? கண்டித்தவர் சிடுமூஞ்சி ஆகிவிடுவார், பையன் சிரிக்கிற பக்கம் நகர்வான். இது தற்செயலாக அமைந்ததல்ல. ‘டெய்லி ஸ்டோர்மர்’ என்ற நாஜி ஆதரவுத் தளம் தன் எழுத்தாளர்களுக்கு வைத்திருந்த 17 பக்க நடைக்கையேடு 2017 டிசம்பரில் ஹஃப்போஸ்ட் செய்தித்தளம் வழியாக வெளியே வந்தது. அந்தத் தளத்தின் பெயரே ஷ்டூர்மரிலிருந்து எடுத்தது. விளையாட்டாகச் சொல்கிறார்களா மெய்யாகவே சொல்கிறார்களா என்று புதிய வாசகருக்குத் தெரியக்கூடாது என்பது அதில் சொல்லப்பட்டிருந்த உத்தி. விளையாட்டு வினையாகும் என்று நம் பாட்டிமார் எச்சரித்தார்கள். இவர்கள் அதையே செயல்திட்டமாக்கிக்கொண்டார்கள்.

எந்தப் படம் எங்கிருந்து எங்கே போகிறது என்று சில ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ட்விட்டர், ரெடிட், ஃபோர்சானின் அரசியல் பகுதி, ‘கேப்’ என்ற சமூக ஊடகம் ஆகிய இடங்களில் 13 மாதங்களில் வந்த 260 கோடிப் பதிவுகளிலிருந்து 16 கோடிப் படங்களைக் கணினியால் ஒப்பிட்டு 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிறிய ஓரத்துக் குழுக்களிலிருந்து கிளம்பும் படங்கள் பெரிய தளங்களின் நடுக்கூடத்துக்கு வந்துவிடுவது தெரிந்தது. சுமந்துவந்தவர்களில் எத்தனையோ பேருக்குத் தாங்கள் சுமப்பது இன்னதென்றே தெரிந்திருக்காது.

வினையான இடங்களுக்கு வருகிறேன். 2017 ஆகஸ்ட் 12-ல் வர்ஜீனியாவின் ஷார்லட்ஸ்வில்லில், வெள்ளை இனவெறியரின் பேரணியை எதிர்த்து நின்ற கூட்டத்துக்குள் ஒருவன் காரைச் செலுத்தினான். ஹெதர் ஹேயர் என்ற 32 வயதுப் பெண் இறந்தார், பலர் காயமடைந்தனர். மூன்று மாதம் முன்பு, மே மாதத்தில், அவன் இன்ஸ்டகிராமில் ஒரு மீம் பகிர்ந்திருந்தான். கூட்டத்துக்குள் ஒரு கார் பாய்கிறது. போராட உங்களுக்கு உரிமை உண்டு, எனக்கோ வேலைக்கு நேரமாகிறது என்ற தோரணையில் ஒரு வரி. வழக்கில் அரசுத் தரப்பு அதைச் சான்றாக வைத்தது. பேரணியை ஏற்பாடு செய்தவர்கள் ‘டிஸ்கார்ட்’ அரட்டைத் தளத்தில் பேசிக்கொண்டதும் பிறகு அவர்கள் மீதான வேறொரு வழக்கில் நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கேயும் ஜோக் என்றுதான் வாதாடினார்கள். ஜூரி ஏற்கவில்லை. 2021-ல் 2.5 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. ஆட்களின் பெயர் தெரிந்த இடத்தில் பழைய சட்டம் இன்றும் வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி.

2019 மார்ச் 15-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைச் சுட்டுக்கொன்றவனை எந்தத் தலைவரும் அனுப்பவில்லை. அவன் பெயரைச் சொல்லமாட்டேன் என்று அன்றைய பிரதமர் ஜசின்டா ஆர்டெர்ன் உறுதியாக நின்றார்; நானும் சொல்லவில்லை. சுடத் தொடங்குமுன் ஒரு யூடியூபரின் சேனலுக்குச் சந்தா சேருங்கள் என்று நேரலையில் சொன்னான். அந்த யூடியூபருக்கும் கொலைக்கும் தொடர்பே கிடையாது. அப்போது இணையத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜோக் அது. அவன் விட்டுச்சென்ற அறிக்கையும் அப்படிப்பட்ட உள்வட்டக் கிண்டல்களால் நிறைந்திருந்தது. தங்கள் இயக்கத்துக்கு மீம்கள் செய்ததை எந்த அறிக்கையும் செய்ததில்லை என்றும் அதில் எழுதியிருந்தான். கொலையை ஃபேஸ்புக்கில் நேரலையாகப் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. முதல் புகார் வந்தபோது ஒளிபரப்பு முடிந்து 12 நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த 24 மணிநேரத்தில் ஃபேஸ்புக் அகற்றிய பிரதிகள் 15 லட்சம். ஒரு கொலைகாரனுக்கு 15 லட்சம் தபால்காரர்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். மெட்ஸ்கருக்கு அஞ்சல்தலை வாங்கவே பணம் திரட்டவேண்டியிருந்திருக்கும்.

அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் ஹாலேயில் யூதத் தொழுகைக் கூடத்தைத் தாக்க வந்தவன் ஜெர்மானியன். நேரலையில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதோ ஆங்கிலத்தில். அவன் பேசியது அவனுடைய ஊருக்கு அல்ல. தொழுகைக் கூடத்தின் மரக்கதவு குண்டுகளைத் தாங்கியதால் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே இருவர் உயிரிழந்தார்கள்.

மேட் ஃபியூரி தன் தவளைக்காகப் போராடினார். 2017 மேயில் ஒரு படக்கதையில் பெப்பேயைச் சவப்பெட்டியில் கிடத்திப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு வழக்குகள் போட்டார். தவளையை வைத்துச் சுவரொட்டி விற்ற இன்ஃபோவார்ஸ் நிறுவனம் 2019-ல் அவருக்கு 15,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அதே கோடையில் ஹாங்காங்கில் ஜனநாயகம் கேட்டுத் தெருவுக்கு வந்த இளைஞர்கள் பெப்பேயைச் சுவரெங்கும் ஒட்டினார்கள். இனவெறியோடு அவனுக்கு இருந்த உறவு அவர்களுக்குப் பொருட்டாக இல்லை. மீட்டுவிடலாம் என்று அப்போது எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது உண்மை.

பிறகு 2022 மே 14. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில், கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலிருந்த ஒரு பல்பொருள் அங்காடியில் 10 பேர் கொல்லப்பட்டனர். கொன்றவனுக்கு வயது 18. கொரோனாக் காலத்தில் பொழுது போகாமல் ஃபோர்சானுக்குப் போனதாக அவனே எழுதியிருந்தான். எழுதியதில் மீம்களும் ஒட்டியிருந்தன. யாரும் அவன் வீட்டுக்கு உறை அனுப்பவில்லை, எந்த இளைஞனும் பஃபலோவுக்குக் கிளம்பி வரவில்லை.

இறந்தவர்களின் குடும்பத்தார் சமூக ஊடக நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார்கள். போர்ட்லாந்தில் மாரிஸ் டீஸ் இழுத்த கோட்டை இவர்களும் இழுத்துப் பார்த்தார்கள்: கொன்றவனிடமிருந்து, அவன் கண்முன் அடுத்தடுத்துப் படங்களை வைத்துக்கொண்டே போன அல்காரிதம் வரைக்கும். 2024-ல் கீழ் நீதிமன்றம் வழக்கு நடக்கட்டும் என்றது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. பயனர்கள் போடும் பதிவுக்குத் தளத்தைப் பொறுப்பாக்க முடியாது என்கிற பிரிவு 230-ஐ அது காரணமாகக் காட்டியது. 1996-ல், ஸ்டோர்ம்ஃபிரன்ட் தொடங்கிய மறு ஆண்டில் வந்த சட்டம் அது. தள்ளுபடிக்கு ஆதரவாக மூன்று நீதிபதிகள். ஒவ்வொருவனுக்கும் இன்னது என்று தேர்ந்தெடுத்து ஊட்டுகிற இயந்திரத்தை வெறும் பதிப்பாளராகக் கருத முடியாது என்று மற்ற இருவர் மாறுபட்டு எழுதினார்கள்.