கெண்டைக்கு இறகுத் தூண்டில்



பவானி ஆற்றங்கரையில் ஒரு விவசாயி என்னிடம் கேட்டார்: "சார், கெண்டை மேயறது கண்ணுக்கே தெரியுது. புழு கோத்துப் போட்டா மோந்து பாத்துட்டுப் போயிடுது. என்ன பண்றது?" நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர், "மடுவுல கொஞ்சம் பூச்சி மருந்த ஊத்துங்க, தானா மிதக்கும்" என்றார். அந்தப் பேச்சுதான் இன்றைக்கு என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறது.

அவர் கேட்டது சாதாக் கெண்டை. உதட்டோரம் மீசை இருக்கும். இது நம் ஆற்றிலே பிறந்த சாதி அல்ல. இலங்கையிலிருந்து 1939-ல் நீலகிரிக்கு வந்தது ஒரு வகை. சமவெளிக்கு ஏற்ற பாங்காக் வகை 1957-ல் இந்தியாவுக்கு வந்தது. பிறகு ஏரி, குளம், ஆறு என்று எங்கும் பரவிவிட்டது.

கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான் உண்டு. வாயைக் குழல் போல நீட்டிச் சேற்றோடு உறிஞ்சும். வேண்டாததை நொடியில் துப்பிவிடும். ஈயக்குண்டு கட்டிய புழுவை உறிஞ்சும்போது கனம் தெரிகிறது, துப்பிவிடுகிறது. நம் தக்கை அசைவதற்குள் காரியம் முடிந்துவிடும்!

அதனால் கனமே இல்லாத இரை வேண்டும். நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனுக்கு வெள்ளைக்காரர்கள் போட்ட இறகுத் தூண்டில் அப்படிப்பட்டதுதான். அந்த மீனுக்காக அவலாஞ்சியில் 1907-லேயே குஞ்சு பொரிப்பகம் வைத்தார்கள். வெளிநாடுகளில் இப்போது கெண்டைக்கும் இதைப் போடுகிறார்கள். அவர்களுடைய கயிறு தடிமனானது, அதன் கனத்திலேயே இறகு பறந்து போய் விழும். அந்தச் செலவு நமக்கு வேண்டாம். பத்துப் பன்னிரண்டு அடி மூங்கில் கழி, அதே நீளத்துக்கு மெல்லிய தங்கூஸ் நரம்பு, இது போதும். முள்ளின் தண்டில் சேவலின் கழுத்து இறகு ஒன்றைச் சுற்றி, கறுப்புத் தையல் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். தண்ணீரில் அது பூச்சி போலவே இருக்கும். ஈயமும் வேண்டாம், தக்கையும் வேண்டாம்.

எங்கே போடுவது? ஆற்றின் மேல் சாய்ந்த நாவல், அத்தி மரத்தடியில் போடுங்கள். பழம் உதிரும் காலத்தில் கெண்டை அங்கே வந்து காத்திருக்கும். அப்போது இறகுக்குப் பதில் கருநீல நூலை உருண்டையாகச் சுற்றினால் நாவல் பழம் என்றே நினைக்கும். மற்ற நாட்களில் விடியற்காலையில் ஆழமில்லாத ஓரத்தைப் பாருங்கள். சேறு கலங்கி, குமிழி வரிசையாக வந்தால் மீன் மேய்கிறது. அது போகும் திசையில் இரண்டடி முன்னால் மெதுவாக இறக்குங்கள். தலைமேல் போட்டால் ஓடிவிடும். காலடி ஓசையும் ஆகாது. கெண்டையின் காற்றுப்பையைக் காதோடு இணைக்கும் சிறு எலும்புகள் இருக்கின்றன. கரையில் தொம் தொம்மென்று நடந்தால் அதற்குக் கேட்டுவிடும். நரம்பு லேசாகத் துடித்தாலும், நின்றாலும், உடனே கழியைத் தூக்குங்கள். முதல் நாலைந்து தடவை தவறத்தான் செய்யும். எனக்கும் தவறியது.

மருந்து ஊற்றுகிற யோசனைக்கு வருவோம். விஷம் பெரிய கெண்டையோடு நிற்காது. குஞ்சும், கெண்டை தின்னும் புழு பூச்சியும் சேர்ந்தே சாகும். கீழே தண்ணீர் குடிக்கும் கன்றுக்குட்டிக்கும் ஆபத்து. வேக வைத்தால் விஷம் போய்விடும் என்று நம்பி அந்த மீனைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். விஷமோ வெடியோ போட்டு மீன் பிடிப்பது 1897-ம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். அணையிலும் குத்தகைக் குளத்திலும் தூண்டில் போடுவதற்கும் முதலில் அனுமதி கேளுங்கள்.

வயிறு உப்பிய சினை மீன் மாட்டினால் ஈரக் கையால் முள்ளை எடுத்து விட்டுவிடுங்கள். ஒரு கிலோ தாய் மீனின் வயிற்றில் சுமார் ஒரு லட்சம் முட்டை இருக்கும், பாசியில் ஒட்டிப் பொரிக்கும்.

வீட்டுக்குக் கொண்டு போகிற கெண்டையில் நடு முள் தவிர, சதைக்குள் கவை போன்ற சிறு முள்ளும் நிறைய உண்டு. இரு பக்கமும் நெருக்கமாகக் கீறி வறுத்தால் அவை மொறுமொறுத்துவிடும். சிறு பிள்ளைகளுக்கு மட்டும் முள் பார்த்து எடுத்துக் கொடுங்கள்.