நகரும் நிலம் – 9: தெற்கே குனிந்த ஊசி

மகாபலேஷ்வரத்துக்கு மலையேறும் சாலையில் பாறையை வெட்டிவிட்ட இடங்களைப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வோர் அடுக்கும் ஒருமுறை பொங்கி ஓடிய எரிமலைக் குழம்பு. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடியது, இன்றும் தக்காணத்தில் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக்கொண்டு கிடக்கிறது.

வெகெனர் 1930இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். கண்டங்கள் நகர்ந்தன என்று அவர் சொன்னதை நம்ப ஆளில்லை. அவர் தேடிய சாட்சி இந்தக் கறுப்புக் கல்லுக்குள்ளேயே இருந்தது.

குழம்பு இறுகி, 580 டிகிரிக்குக் கீழே ஆறும்போது அதிலுள்ள மாக்னடைட் துகள்கள் காந்தமாகின்றன. அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையோ, அந்தத் திசையிலேயே உறைந்துவிடுகின்றன. திசை என்றால் வடக்கு தெற்கு மட்டுமல்ல, சாய்வும்தான். திருநெல்வேலிப் பக்கம் காந்த ஊசியைத் தடையில்லாமல் தொங்கவிட்டால் ஏறக்குறைய மட்டமாக நிற்கும்; வடக்கே போகப்போக மூக்கைக் கீழே குத்தும். நடுக்கோட்டுக்குத் தெற்கே மேலே தூக்கும். ஆகவே கல்லுக்குள் இருக்கும் சாய்வை அளந்தால், அது ஆறிய இடத்தின் அட்சரேகை கிடைத்துவிடும்.

சொல்ல எளிது. வைர முனை வைத்த துரப்பணத்தால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுக்கு ஓர் உருளையைக் குடைந்தெடுக்க வேண்டும். பிடுங்குவதற்கு முன் அது எந்தத் திசையில் இருந்தது என்று அதன்மேலேயே கோடு போட வேண்டும். அங்கே சாதாரணத் திசைகாட்டியை நம்ப முடியாது, பாறையே முள்ளை இழுக்கும்! வெயிலில் விழும் நிழலை வைத்துத்தான் திசை பார்ப்பார்கள். என்றைக்கோ மின்னல் விழுந்த பாறையாக இருந்தால் பழைய காந்தம் அழிந்திருக்கும், உழைப்பு வீண்.

இவ்வளவு மெல்லிய காந்தத்தை அளக்கும் கருவி வந்தது ஒரு தோல்வியால். சுழலும் கனமான பொருள் எதுவும் காந்தமாகும் என்று நினைத்த இயற்பியலாளர் பிளாக்கெட், சுமார் 15 கிலோ தங்க உருளையைக் கடன் வாங்கிச் சோதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. நோபல் பரிசு வாங்கியவர்தான். தன் கொள்கையைக் கைவிட்டுவிட்டுக் கருவியைக் கற்களின் பக்கம் திருப்பினார். எனக்குப் பிடித்த தோல்வி இது.

கேம்பிரிட்ஜ் மாணவர் டெட் இர்விங் 1951இல், புள்ளியியல் மேதை ஃபிஷரின் துணையோடு, தக்காணத்துக் கற்கள் சிலவற்றை வரவழைத்து அளந்தார். பின்னர் பிளாக்கெட்டின் குழுவும் விரிவாக அளந்தது. கீழடுக்குகளின் காந்தம் தென்தென்கிழக்கே பார்த்து, 45 பாகையைச் சுற்றிக் கீழே குனிந்திருக்கிறது. குழப்புகிறதல்லவா? அன்று பூமியின் காந்தத் துருவங்கள் இடம் மாறியிருந்தன. அப்படிப்பட்ட காலத்தில் தெற்கே பார்த்துக் கீழே குனிவது தென்கோளத்தில்தான். துருவங்கள் திரும்பிய பிறகு ஓடிய மேலடுக்குகளில், அதே கோட்டில், காந்தம் வடவடமேற்கே பார்த்து மேலே நிமிர்கிறது.

45 பாகைச் சாய்வு என்றால் 27 பாகைத் தென் அட்சம். மகாபலேஷ்வரம் இன்று இருப்பது 18 பாகை வட அட்சத்தில். ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர்! சராசரியாக ஆண்டுக்கு ஏழரை சென்டிமீட்டர். வழியில் சற்று இடப்புறம் திரும்பியும் இருக்கிறது இந்தியா. மடகாஸ்கர் விலங்குகளின் உறவுகள் இந்தியாவிலும் இருப்பதை விளக்க 1864இல் ஸ்க்ளேட்டர் கடலில் மூழ்கவைத்த லெமூரியாக் கண்டத்துக்கு இதன்பின் வேலையில்லை.

ஆனால் கல்லுக்குத் தீர்க்கரேகை தெரியாது. அதே அட்சத்தில் கிழக்கே இருந்தாலும் மேற்கே இருந்தாலும் ஊசி ஒரே மாதிரிதான் குனியும். அதற்குக் கடலின் அடித்தளத்தைக் கேட்க வேண்டியிருந்தது.

இர்விங்கின் ஆய்வேட்டை 1954இல் கேம்பிரிட்ஜ் ஏற்கவில்லை. பட்டமில்லாமலே அவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். அங்கே அவர் அளந்த கற்கள், அடுத்த வாரம்.