வலப்பக்கம் சுற்றினால் எடை குறையுமா?

வலப்பக்கமாகச் சுற்றும் சக்கரத்தின் எடை குறைகிறது. அதே சக்கரத்தை இடப்பக்கமாகச் சுற்றினால் எடை குறையவில்லை!

1989-ம் ஆண்டு டிசம்பர் மாதம் இப்படி ஒரு செய்தி வெளியாகி உலகத்தைத் திகைக்க வைத்தது. சொன்னவர்கள் ஜோசியர்களோ மந்திரவாதிகளோ அல்ல. ஜப்பான் நாட்டில் சென்டாய் நகரில் உள்ள தொஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹயசாகா, தாகேயுச்சி என்ற 2 விஞ்ஞானிகள். அமெரிக்காவில் இருந்து வெளிவரும் "பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்" என்ற ஏட்டில் அவர்களுடைய கட்டுரை வந்தது. பௌதிக விஞ்ஞானிகள் பெரிதும் மதிக்கும் ஏடு அது.

அவர்கள் சோதித்தது "கைரோஸ்கோப்" என்னும் கருவியை. கப்பலும் விமானமும் திசை தவறாமல் செல்ல உதவும் கருவி இது. உள்ளே கனமான சிறு சக்கரம் ஒன்று பம்பரம் போலச் சுழலும். ஜப்பானியர்கள் அதை நிமிடத்துக்கு 13,000 சுற்று வரை சுழலவிட்டு நுட்பமான தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். மேலே இருந்து பார்க்கும்போது கடிகார முள் போகும் திசையில் சுற்றினால் எடை குறைந்தது. எதிர்த்திசையில் சுற்றினால் மாறவே இல்லை. இப்போதுள்ள கொள்கைகளைக் கொண்டு இதை விளக்க முடியவில்லை என்றும் அவர்களே எழுதினார்கள்.

எவ்வளவு குறைந்தது? சுமார் 175 கிராம் எடையில் 10 மில்லி கிராம் அளவுக்கு. அதாவது அரை அரிசியின் எடை!

வலம் வந்தால் போதுமா?

நான் வேலை பார்ப்பது மும்பையில் ரயில்வே பார்சல் ஆபீசில். எடையும் தராசும்தான் எங்கள் பிழைப்பு. இந்தப் பழைய செய்தியை ஒரு நாள் தேநீர் வேளையில் சொன்னேன். சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

"கடிகார முள் திசை என்றால், கோவிலை வலம் வரும் திசை அல்லவா? மாதுங்கா கோவிலில் 10 வருடமாக வலம் வருகிறேன். எடை ஏறித்தான் இருக்கிறது" என்றார் பருத்த உடல் கொண்ட மூத்த குமாஸ்தா.

"வேகம் போதாது சார். அத்துடன் பிரசாதப் பொங்கல் கணக்கையும் சேர்க்க வேண்டும்" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர், "ஐயா, மூட்டையைச் சுற்றிவிட்டுத் தூக்கினால் எங்கள் முதுகு தப்புமே!" என்றார். பார்சல் போட வந்திருந்த வியாபாரியோ, "சுற்றும்போதே நிறுத்து சார்ஜ் போடுங்கள்" என்று மனுப் போட்டார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே விகிதத்தில் பார்த்தால் 70 கிலோ ஆளுக்குக் குறைவது 4 கிராம். அதுவும் நிமிடத்துக்கு 13,000 முறை சுற்றினால்! அதற்குத் தேநீரில் ஒரு சிறு கரண்டி சர்க்கரையைக் குறைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

தராசு சொன்ன தீர்ப்பு

சிரித்ததோடு உலகம் நின்றுவிடவில்லை. மற்ற நாட்டு விஞ்ஞானிகள் தாங்களும் சக்கரத்தைச் சுற்றி நிறுத்துப் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் கொலராடோவில் ஒரு குழு, கலிபோர்னியாவில் பெர்க்லியில் ஒரு குழு. பாரிஸ் நகரை அடுத்த செவ்ர என்ற இடத்தில் உள்ள பன்னாட்டு எடை-அளவு நிலையத்தில் குவின், பிக்கார்ட் என்ற இருவர். உலகத்துக்கே "ஒரு கிலோ" எது என்று காட்டும் உலோகக் கட்டி இருக்கும் இடம் அதுதான். 2019-ம் ஆண்டு வரை கிலோவுக்கு அந்தக் கட்டியே இலக்கணமாக இருந்தது. தராசு விஷயத்தில் அவர்களை மிஞ்ச ஆள் ஏது?

1990-ம் ஆண்டின் முதல் சில மாதங்களிலேயே மூன்று இடங்களின் முடிவும் வெளிவந்தது. வலமாகச் சுற்றினாலும் இடமாகச் சுற்றினாலும் எடையில் மாற்றம் இல்லை!

சுழலும் பொருளை நிறுப்பது லேசான காரியம் அல்ல. சக்கரம் அதிரும், சூடேறும், சுற்றியுள்ள காற்றைக் கலக்கும். இவற்றில் எதுவும் நுட்பமான தராசை ஏமாற்றிவிடும். ஆடும் மூட்டையைத் தராசில் வைத்தால் முள் நிலைகொள்ளாது என்பது எங்கள் ஆபீசில் நேற்று சேர்ந்த பையனுக்கும் தெரியும்.

ஆகவே 1989-ல் சிரித்தவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் சிரிப்பவர்களே எப்போதும் ஜெயிப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

சிரித்தவர் தோற்ற கதை

அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பு இன்னொரு சுழற்சிச் செய்தி வந்தது. பம்பரத்தைக் கண்ணாடி முன் சுற்றினால், கண்ணாடிக்குள் அது எதிர்த்திசையில் சுற்றும். அந்தக் கண்ணாடி உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் இயற்கையின் விதிகள் ஒன்றுதான், இயற்கைக்கு வலம் இடம் என்ற பேதம் இல்லை என்று விஞ்ஞானிகள் உறுதியாக நம்பியிருந்தார்கள்.

அமெரிக்காவில் பணியாற்றிய லீ, யாங் என்ற 2 சீன இளைஞர்கள் 1956-ம் ஆண்டு இதைச் சந்தேகித்தார்கள். அணுவின் சில மாறுதல்களில் இந்த நம்பிக்கையை யாரும் சோதித்ததே இல்லையே என்று கேட்டார்கள்.

பெரியவர்கள் நகைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற பௌலி 1957 ஜனவரி 17-ந் தேதி நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடவுள் பலவீனமான இடக்கைக்காரர் என்பதை நம்ப மாட்டேன், பெருந்தொகை பந்தயம் கட்டத் தயார் என்பது அதன் சாரம்.

பாவம், அதற்கு 2 நாள் முன்பே நியூயார்க்கில் நிருபர்களைக் கூட்டி முடிவை அறிவித்துவிட்டார்கள்!

சோதனையை நடத்தியவர் வூ என்ற சீனப் பெண் விஞ்ஞானி. கணவருடன் கப்பலில் வெளிநாடு போக ஏற்பாடு செய்திருந்தவர், பயணத்தை ரத்து செய்துவிட்டு வேலையில் இறங்கினார். கணவர் தனியாகப் போனார். வூ, கோபால்ட் அணுக்களைக் கடுங்குளிரில் வைத்து, அவை ஒரே திசையில் சுழலும்படி செய்தார். வலம் இடம் பேதம் இல்லை என்றால், அவற்றிலிருந்து சிதறும் எலெக்ட்ரான்கள் மேலும் கீழும் சமமாகப் போக வேண்டும். போகவில்லை! ஒரு பக்கமே அதிகம் போயின. இயற்கை வலமும் இடமும் பார்க்கிறது!

பந்தயம் கட்டாதது நல்லதாயிற்று, பண நஷ்டம் எனக்குத் தாங்காது, அசடானதைத் தாங்கிக்கொள்வேன் என்று பௌலி மறுபடியும் எழுதினார். பெரிய மனிதர்! லீ, யாங் இருவருக்கும் அதே ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. வூவுக்குக் கிடைக்காதது இன்றும் பலருக்கு மனக்குறை.

சிரிப்பு தீர்ப்பு ஆகாது

இரண்டு செய்திகளையும் கேட்டு உலகம் சிரித்தது. ஒன்று பொய்த்தது, ஒன்று மெய்யானது. சிரிப்பை வைத்து எது எது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. சோதனைதான் சொல்லிற்று.

மொழி தெரியாமல் இந்த ஊரில் வந்து இறங்கிய காலத்தில் நம் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் எத்தனை பேர்! அந்தச் சிரிப்பால் நம் எடை ஒரு குன்றிமணியாவது குறைந்ததா? வேலை செய்து காட்டிய பிறகு அவர்களே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

ஜப்பானியர்களையும் இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. என்ன சக்கரம், என்ன வேகம், எவ்வளவு எடை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். அதனால்தான் மற்றவர்கள் சில மாதங்களில் சரிபார்க்க முடிந்தது. பயப்பட வேண்டியது சரிபார்க்க இடம் கொடுக்காதவர்களைப் பார்த்துத்தான். எடை குறைக்கும் பெல்ட், வலி போக்கும் காந்த வளையல் என்று சம்பள நாளில் வாசலுக்கு வரும் சரக்குகள் எத்தனை!

அப்படி யாராவது வந்தால் கேலி செய்யவும் வேண்டாம், உடனே மணிபர்சைத் திறக்கவும் வேண்டாம். "முதலில் தராசில் வையுங்கள், நாங்களும் ஒரு தடவை நிறுத்துப் பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள். மெய்யான சரக்காக இருந்தால் எத்தனை தடவை நிறுத்தாலும் அதே எடைதான் காட்டும்.