உயிரியல் ஒலிம்பியாட்: வீட்டிலிருந்தே ஆயத்தமாகலாம்

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனிகளில் வேலை மிகுந்த நாட்களில் தையல் இயந்திரங்களின் ஓசை இரவிலும் அடங்குவதில்லை. அவ்வோசைக்கு நடுவே பிளஸ் ஒன் உயிரியல் நூலை மடியில் வைத்துப் படிக்கும் பிள்ளைகள் நம் இல்லங்களிலும் உண்டு. "டாக்டருக்குப் படிக்க வைக்க நமக்கு வசதி ஏது?" என்ற பெற்றோரின் பெருமூச்சிலேயே பல பிள்ளைகளின் ஆர்வம் அணைந்துவிடுகிறது. மருத்துவப் படிப்பு மட்டுமே உயிரியலின் வாசல் அன்று. பெருஞ்செலவின்றி, சுய முயற்சியால் தட்டிப் பார்க்கத்தக்க மற்றொரு வாசலும் உண்டு. அதுவே உயிரியல் ஒலிம்பியாட்.

1990 ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவில் ஆறு நாடுகளுடன் தொடங்கிய சர்வதேசப் போட்டி இது. இந்தியா 2000 முதல் பங்கேற்று வருகிறது. 2023 இல் அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த போட்டியில் நம் நாட்டு மாணவர் நால்வருமே தங்கப் பதக்கம் பெற்றனர்.

முதற்படி, இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியத் தகுதித் தேர்வு. அடுத்தது, மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் தேசிய ஒலிம்பியாட். அதில் தேறுவோர் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படுவர். நிறைவில் தெரிவு செய்யப்படுவோர் நால்வரே.

நால்வர்தானே என்று மலைக்க வேண்டாம். இதற்காகப் படித்த படிப்பு எதுவும் வீணாவதில்லை. முதலில் மேல்நிலை இரண்டாண்டுப் பாடநூல்களையும் ஒரு வரி விடாமல் படியுங்கள். பின்னர் கேம்பெல் எழுதிய உயிரியல் நூலை நூலகத்தில் தேடுங்கள். தமிழ்வழி மாணவர்கள் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் நேரே ஆங்கிலச் சொல்லை எழுதி வருதல் நலம். படங்களைப் பாராமல் வரைந்து பழகுங்கள். ஹோமி பாபா மையம் இலவசமாக வழங்கும் பழைய வினாத்தாள்களுக்குக் கடிகாரத்தை முன்வைத்து விடையளியுங்கள். தவறிய வினாவுக்கு, ஏன் தவறியது என்பதைத் தனி ஏட்டில் குறியுங்கள். தகுதித் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையுமாதலால், ஊகித்து எழுதும் பழக்கம் ஆகாது.

நம் ஊரே ஒரு பாடசாலை. சாயக்கழிவின் உப்பு நொய்யல் கரைப் பயிர்களை ஏன் வாட்டியது? மண்ணில் உப்பு மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச இயலாது. இதுவே சவ்வூடு பரவல். 2011 இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதற்குப் பின்னணியில் இந்த உயிரியலும் இருந்தது. 2024 இல் ராம்சர் தகுதி பெற்ற நஞ்சராயன் குளத்துக்கு ஒரு காலையில் சென்று பறவைகளைக் கவனித்தால், சூழலியலும் விலங்கு நடத்தையும் கண்முன்னே விரியும்.

அப்படிக் கவனித்தே உலகப் புகழ் பெற்றவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987). பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் அரசுப் பணி கிட்டாத நிலையிலும் அவர் சோரவில்லை. தூக்கணாங்குருவிகளின் கூடுகளை நாள்தோறும் பொறுமையாக உற்றுநோக்கி, அவற்றின் குடும்ப வாழ்க்கையை ஆராய்ந்து எழுதினார். 1976 இல் பத்ம விபூஷண் விருது அவரைத் தேடி வந்தது.

தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயரால் அத்தியாயங்களைக் கொண்டது நம் திருமறை. அதனை ஓதும் சமுதாயம் உயிர்களை ஆராயும் கல்வியை அந்நியமாகக் கருதலாகாது.

பெற்றோர்களே! ஷிப்டு முடிந்து களைப்புடன் திரும்பும் உங்களால் பாடம் சொல்லித்தர இயலாமற் போகலாம். ஆனால் மாலையில் இரண்டு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவைக்க இயலும். பெண்பிள்ளையின் கையிலுள்ள நூலை வாங்கி வைத்துவிட்டு அடுப்படிக்கு அனுப்பாதிருக்க இயலும். பள்ளியில் இத்தேர்வு பற்றி விசாரித்துப் பெயர் பதியச் செய்யவும் இயலும். இம்மூன்றையும் செய்யுங்கள். இன்ஷா அல்லாஹ், மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.